சாய்வுக் கூரையில் ஃபேன் மாட்டுவது: முதலில் டேப், அப்புறம்தான் கடை

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், இருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் நடு அறையில் நானே ஒரு ஃபேன் மாட்டினேன். மூன்றாம் நம்பர் வரைக்கும் நன்றாகத்தான் சுற்றியது. "பரவாயில்லையே" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் ஐந்தில் வைத்தேன். டக், டக், டக் என்று சத்தம். அணைத்துவிட்டுப் பார்த்தால் கட்டில் விரிப்பில் மெல்லிசாக மரத்தூள். இறக்கையின் நுனி, ஓட்டைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரத்தைச் சீவியிருந்தது. ஃபேன் நிற்கும்போது நுனிக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு இன்ச் இடைவெளி இருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன். வேகமாகச் சுற்றினால் ஃபேன் கொஞ்சம் ஆடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஏணியில் ஏறக்கூட இல்லை. கீழே நின்றே அண்ணாந்து பார்த்தார்.

"ராடு பெட்டியில வந்ததா தம்பி?"

"ஆமாண்ணே."

"அது தட்டையான சீலிங்குக்குக் குடுக்கிறது. இந்த வீட்டுக்குப் பத்தாது. அளந்துட்டுல்ல கடைக்குப் போயிருக்கணும்."

அப்படி அளக்காமல் போனதால் ஒரு இறக்கை வளைந்தது, ஒரு நாள் கூலி போனது. ஓட்டு வீடோ, மாடியில் ஷீட் போட்ட அறையோ, சாய்வாகக் கான்கிரீட் போட்ட புது வீடோ, கூரை சரிந்திருந்தால் வேலையின் வரிசை ஒன்றுதான். அதை நான் கற்றுக்கொண்ட மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நல்ல சேதி முதலில். நம் ஊர் ஃபேன்கள் பெரும்பாலும் கொக்கியில் தொங்குகிறவை. ஃபேனைத் தாங்கும் ராடின் தலையில் ஒரு ஷாக்கிள், அதாவது வளைந்த இரும்புப் பிடி, அதில் ஒரு ரப்பர் புஷ், அதன் நடுவே ஒரு போல்ட். அந்த ரப்பர்தான் கொக்கியில் உட்காரும். கிணற்று வாளி மாதிரி, எந்தச் சாய்விலிருந்து தொங்கவிட்டாலும் ஃபேன் தானாக நேர்க்குத்தாக நிற்கும். வெளிநாட்டு பாணியில் வரும் சில ஃபேன்களில் கொக்கி கிடையாது. சீலிங்கோடு ஒரு தகட்டை முடுக்கி, அதில் உருண்டை மாதிரி ஒரு மூட்டில் ராடு உட்காரும். அவற்றுக்கு எத்தனை டிகிரி சாய்வு வரை தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு, பெட்டியிலுள்ள சிறு புத்தகத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் கூரை அதைத் தாண்டினால் அந்த ஃபேனே வேண்டாம். கொக்கி ஃபேன் வாங்குங்கள், தலைவலி பாதி தீர்ந்தது.

அளவு எடுப்பது

கூரை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறது. ஏறும் பக்கத்தைப் பற்றிக் கவலையில்லை. இறங்கும் பக்கத்தில் இறக்கையின் நுனிக்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு அடி நீள ரசமட்டமும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். ரசமட்டத்தின் ஒரு முனையைக் கைமரத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, மறுமுனையை முகட்டுப் பக்கமாக நீட்டுங்கள். குமிழ் நடுவுக்கு வந்ததும், அந்த மறுமுனையிலிருந்து நேர் மேலே கைமரம் வரை எத்தனை இன்ச் என்று பாருங்கள். அதுதான் ஒரு அடிக்கு உங்கள் கூரையின் இறக்கம். எங்கள் வீட்டில் 8 இன்ச் வந்தது. ஓட்டின் அடியை அளக்காதீர்கள், கைமரத்தின் அடியை அளங்கள். இறக்கை முதலில் இடிக்கப்போவது மரத்தில்தான்.

ரசமட்டம் இல்லையென்றால் செல்போனில் சாய்வு காட்டும் ஆப் இருக்கும், போனின் விளிம்பைக் கைமரத்தில் வைத்தால் டிகிரியைச் சொல்லிவிடும். 18 டிகிரி என்றால் அடிக்கு ஏறக்குறைய 4 இன்ச், 27 என்றால் 6, 30 என்றால் 7, 34 என்றால் 8.

இப்போது கணக்கு. சாதாரண 48 இன்ச் ஃபேனில், அதாவது 1200 மி.மீ. ஃபேனில், நடுவிலிருந்து நுனி வரை 2 அடி. அதனால் அடிக்கு வந்த இறக்கத்தை 2-ஆல் பெருக்குங்கள். அதோடு 12 இன்ச் கூட்டுங்கள். அந்த 12 இடிக்காமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. இறக்கை மேலே இருக்கும் காற்றை உறிஞ்சித்தான் கீழே தள்ள வேண்டும். மேலே இடமே இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று வராது. எங்கள் வீட்டுக் கணக்கு: 8 பெருக்கல் 2, 16. கூட்டல் 12, மொத்தம் 28 இன்ச். கொக்கியிலிருந்து இறக்கை வரை இவ்வளவு ஆழம் வேண்டும்.

இதில் ஷாக்கிளும் மோட்டாரும் சேர்ந்து 6 இன்ச் அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். மாடலுக்கு மாடல் மாறும், கடையில் டேப் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 28-இல் 6 போனால் 22. கடையில் கிடைப்பது 24 இன்ச், அதாவது 2 அடி ராடு. நான் மாட்டியது 12. கூட்டிப் பாருங்கள்: 12-ம் 6-ம் 18, அதில் 16 இறக்கத்துக்கே போய்விட்டது. மீதி 2. அந்த இரண்டு இன்ச்சைத்தான் நான் பெரிய இடைவெளி என்று நம்பினேன்.

அப்புறம் கீழ்ப்பக்கம். தரையிலிருந்து இறக்கை வரை 7 அடியாவது இருக்க வேண்டும், 8-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கட்டிலில் நின்று கொசுவலை கட்டுகிற வீடு என்றால் 7 போதாது. எங்கள் கொக்கி 11 அடியில், அதாவது 132 இன்ச்சில் இருக்கிறது. ராடும் மற்றதும் சேர்ந்து 30 இன்ச் போக 102, எட்டரை அடி. சரி.

கூரை தணிவாக இருந்தால்? கொக்கி 9 அடியில், இறக்கம் அடிக்கு 7 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். 48 இன்ச் ஃபேனுக்கு 2 அடி ராடு கேட்கும், இறக்கை ஆறரை அடிக்கு வந்து நிற்கும். கையைத் தூக்கிச் சட்டை போட்டால் விரல் போய்விடும். அங்கே 36 இன்ச் ஃபேன் போடுங்கள். நடுவிலிருந்து நுனிக்கு ஒன்றரை அடிதான். 7 பெருக்கல் ஒன்றரை, பத்தரை. 12 கூட்டினால் இருபத்திரண்டரை. ராடு 18 இன்ச் போதும், இறக்கை சரியாக 7 அடியில் நிற்கும். அதுவும் முடியாத அறை என்றால் சுவர் ஃபேன் மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

"முகட்டிலேயே மாட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமம்தானே" என்று சித்தப்பா கேட்டார். சமம்தான், ஆனால் இரண்டு பக்கமும் இறங்குகிறது, கணக்கு மாறாது. அது போக, கத்திரி வெயிலில் ஓட்டுக்கு அடியில் சூடு எல்லாம் முகட்டில்தான் போய்த் தேங்கும். ஃபேனை அங்கே கொண்டுபோய் வைத்தால் அந்தச் சூட்டை அள்ளி நம் தலையில் போடும். நீள ராடு போட்டுக் கீழே இறக்கினால்தான் காற்று உடம்பில் படும்.

எதில் தொங்கவிடுவது

இங்கேதான் வீட்டுக்கு வீடு மாறும்.

பழைய ஓட்டு வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது உத்தரம். சுவருக்குச் சுவர் மட்டமாகப் போகும் அந்தக் கனமான மரம் அறையின் நடுவில் இருந்தால், அதில் கொக்கி போட்டுவிடலாம். சாய்வோடு மல்லுக்கட்டவே வேண்டாம். ஆனால் உத்தரம் தணிவாக இருக்கும், ராடு சின்னதாகப் போட வேண்டி வரும். அப்படிப் போட்டாலும் இறக்கையின் நுனி இரு பக்கமும் எதிலும் படாமல் சுற்றுமா என்று அளந்துகொள்ளுங்கள்.

உத்தரம் வசமாக இல்லாவிட்டால் கைமரம். ஒற்றைக் கைமரத்தில் ஒரு கொக்கியைத் திருகி ஃபேனைத் தொங்கவிடுவதை நான் செய்ய மாட்டேன். ஃபேனின் எடை 4, 5 கிலோதான், ஆனால் அது ஆண்டுக்கணக்கில் அதிர்ந்துகொண்டே இருக்கும். திருகாணி மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். எங்களுக்கு அண்ணன் செய்துகொடுத்தது இது. கைமரங்கள் முகட்டிலிருந்து கீழ்நோக்கி இறங்குகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, முகட்டுக்கு இணையாக, ஒரு ஒன்றரை இன்ச் ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பை, கொடுத்தால் அந்தப் பைப் மட்டமாக இருக்கும். குறைந்தது இரண்டு கைமரம், முடிந்தால் மூன்றைப் பிடிக்கிற நீளம். கைமரம் வரும் இடங்களில் பைப்பின் மேல் இரண்டிரண்டு பட்டைத் துண்டுகளை, காது மாதிரி, பட்டறையில் வெல்டிங் வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கைமரத்தின் இரு பக்கமும் அந்தக் காதுகள் நிற்கும். குறுக்கே மரத்தில் துளை போட்டு ஒரு போல்ட் ஏற்றி, ஸ்ப்ரிங் வாஷர் போட்டு, நட்டு முடுக்கிவிட்டால் முடிந்தது. போல்ட் மரத்தைத் துளைத்துப் போவதால் பைப் சரிவில் வழுக்கி இறங்காது. வெறும் கிளாம்ப் கட்டினால் நாளாவட்டத்தில் வழுக்கும்.

வெல்டிங்கைக் கூரைக்கு அடியில் ஏணி போட்டுச் செய்ய விடாதீர்கள். காய்ந்த மரம், மேலே அணில் கூடு, நூலாம்படை. ஒரு பொறி போதும். பட்டறையிலேயே முடித்து, வெல்டிங் வைத்த இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துக் கொண்டுவாருங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது அந்தத் தையலைத்தான்.

துளை போடுவதற்கு முன் மரத்தைச் சோதியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் சதக்கென்று இறங்கினால் அந்த மரம் போய்விட்டது என்று அர்த்தம். தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தாலும் அப்படித்தான். சுவரில் உட்காரும் முனையில் கரையான் அதிகம் இருக்கும், அங்கே கட்டாயம் பாருங்கள். தேக்கு, பலா என்றால் பயமில்லை. பனங்கை போட்ட வீடு என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். பனைக்கு வைரம் வெளிப்பக்கம்தான், உள்ளே சோறு. போல்ட் அந்த வைரமான பக்கத்தைப் பிடித்துப் போக வேண்டும்.

ஷீட் போட்ட மாடி அறைகளுக்கு வருவோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது ஓடுகள் பறந்த வீடுகள் பல. அதில் ஓட்டை விட்டுவிட்டு ஷீட்டுக்கு மாறியவர்களும் உண்டு. ஷீட்டில் எதையும் தொங்கவிடாதீர்கள், ஷீட்டை முடுக்கியிருக்கும் ஜே போல்ட்டிலும் கூடாது. ஃபேன் அதிரும், போல்ட் தளரும், ஐப்பசியில் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கட்டிலுக்கு வரும். கூரையைத் தாங்கும் ட்ரஸ் பைப்பிலோ அதன் மேல் குறுக்கே ஓடும் பர்லினிலோ சுற்றிக் கட்டும் ஃபேன் கிளாம்ப் போடுங்கள். கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தால் ஷீட் முழுவதும் "ம்ம்ம்" என்று முனகுவது நிற்கும். சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் அதில் துளையே போடாதீர்கள். பழைய சிமெண்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சாய்வுக் கான்கிரீட் என்றால், தளம் போடும்போதே ஃபேன் பாக்ஸ் வைத்திருந்தால் யோகம். இல்லாவிட்டால் ஒற்றைக் கொக்கி ஃபாஸ்ட்னரை, அதாவது கான்கிரீட்டில் துளை போட்டு இறுக்கும் போல்ட்டை, நம்ப வேண்டாம். சரிந்த தளத்தில் துளையும் சரிந்துதான் இருக்கும், எடை நேராக இழுக்காமல் பக்கவாட்டில் இழுக்கும். நான்கு ஃபாஸ்ட்னர் பிடிக்கிற ஒரு இரும்புத் தகடு, அதன் நடுவில் மூடிய வளையம், இதுதான் சரி. டிரில் தளத்துக்குள் இருக்கும் கம்பியில் முட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து போடுங்கள்.

எதில் மாட்டினாலும் திறந்த கொக்கியைவிட மூடிய வளையம் நல்லது. ஷாக்கிளின் போல்ட் முகட்டுக்கு இணையாக, மட்டமாக இருக்கும்படி வளையத்தை அமையுங்கள். அப்போதுதான் ஃபேன் சரிவின் போக்கில் தாராளமாக அசைந்து நேர்க்குத்துக்கு வரும்.

இனி சோதனை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை நிரப்பி, கொக்கியிலிருந்து தரைக்கு ஒரு விரல் உயரத்தில் தொங்கும்படி கட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். 20 கிலோ, ஃபேனைப் போல நான்கு மடங்கு. கயிற்றில் கட்டினால் கயிறே நீளும், குழப்பும். எங்கள் வீட்டில் ஊஞ்சல் சங்கிலி சும்மா கிடந்தது, அதில் கட்டினோம். காலையில் கேனுக்கு அடியில் விரல் நுழைந்தது. கேன் தரையில் உட்கார்ந்திருந்தால் எங்கேயோ ஏதோ இளகியிருக்கிறது. ஃபேன் விழுவதைவிடத் தண்ணீர் கேன் ஒரு விரல் இறங்குவது எவ்வளவோ மேல்.

கடையில்

அளவை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ராடு இரண்டு முனையிலும் துளையோடு, ஒரே துண்டாக இருக்க வேண்டும். "சின்ன ராடு ரெண்டை ஒட்டித் தர்றேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நட்டு போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள், கொஞ்சம்தான் விலை கூடும். ராடு நீளத்தோடு ஒன்றரை அடி சேர்த்து மூன்று கோர் வயர் வாங்குங்கள். பெட்டியில் வரும் வயர் 12 இன்ச் ராடுக்குத்தான் எட்டும், ராடுக்கு உள்ளே ஜாயின்ட் போடவே கூடாது. கரண்ட்டை மிச்சப்படுத்தும் புது வகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினால் 30 வாட் சொச்சம்தான் இழுக்கும், பழைய மாடல் 75 வாட் அளவுக்கு இழுக்கும். இன்வெர்ட்டர் வீட்டில் அந்த வித்தியாசம் ராத்திரி தெரியும். ஆனால் பி.எல்.டி.சி.யைப் பழைய ரெகுலேட்டர் வழியாகக் கொடுக்கக் கூடாது, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுக்க வேண்டும்.

கரண்ட்டை நிறுத்துவது

ஸ்விட்சை அணைப்பது கரண்ட்டை நிறுத்துவது ஆகாது. சில பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் மேலே பேஸ் இருக்கும். மெயினை இறக்குங்கள். அது மட்டும் போதாது. தானே அடித்த பிறகு பல நாள் இருட்டில் கிடந்த ஊர் இது, இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் "வந்துட்டேன்" என்று அதே ஃபேன் லைனுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் அணைத்து, அதன் வெளி லைனையும் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் டெஸ்டர். இறக்குவதற்கு முன்பே ஒரு பிளக் பாயின்ட்டில் டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதே டெஸ்டரால் மேலே உள்ள ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பாருங்கள். கெட்டுப்போன டெஸ்டரை நம்பி வயரைத் தொடக் கூடாது இல்லையா.

புது லைன் இழுப்பது, எர்த் இல்லாத வீட்டுக்கு எர்த் போடுவது, துணி சுற்றிய பழைய வயரை மாற்றுவது, இதெல்லாம் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை. கொக்கிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே பாயின்ட் இருந்தால் மட்டும் இனி சொல்வதை நீங்கள் செய்யலாம்.

மாட்டுவது

பாதி வேலை தரையில். பாய் விரித்து மோட்டாரை வையுங்கள். வயரை ராடின் வழியாக நுழையுங்கள். ராடை மோட்டாரின் கழுத்தில் இறக்கி, போல்ட் போட்டு, நட்டு முடுக்கி, போல்ட்டின் துளையில் ஸ்ப்ளிட் பின்னை நுழைத்து இரண்டு காலையும் விரித்து மடக்குங்கள். பக்கத்தில் ஒரு சின்ன திருகாணி இருக்கும், அதையும் இறுக்குங்கள், அது தளர்ந்தால்தான் ஃபேன் கடகடக்கும். அடுத்து ராடின் இரு முனைகளையும் மூடும் இரண்டு கிண்ணங்களையும் ராடில் நுழையுங்கள், ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து. இதை மறந்துவிட்டு ஷாக்கிளை முடுக்கியவர்கள் எல்லோரும் திரும்பக் கழற்றியிருக்கிறார்கள். நானும்தான். கடைசியில் ஷாக்கிள்.

இறக்கைகளை இப்போது மாட்டாதீர்கள். மோட்டாரை மட்டும் தூக்குங்கள். ஏணியில் ஒருவர், கீழே மேசை போட்டு மோட்டாரை ஏந்திக்கொள்ள ஒருவர். ஒற்றை ஆளாக ஒரு கையில் மோட்டார், மறு கையில் போல்ட் என்று வித்தை காட்டுகிற இடம் இது இல்லை. ரப்பர் புஷ் வளையத்தில் உட்கார்ந்ததும் போல்ட், நட்டு, ஸ்ப்ளிட் பின். கையை மெல்ல விடுங்கள். ஃபேன் ஒன்றிரண்டு தடவை ஆடி நேராக நிற்கும். அப்போது ராடு எந்த மரத்திலும் பைப்பிலும் உரசவில்லையா என்று சுற்றிப் பாருங்கள். பாதுகாப்புக் கம்பி பெட்டியில் வந்திருந்தால், அதைக் கொக்கியில் இல்லாமல் பைப்பையே சுற்றித் தனியாகக் கட்டுங்கள். கொக்கி கைவிட்டால்தானே அதற்கு வேலை.

வயர் இணைப்பு சுருக்கம்தான். ரெகுலேட்டரிலிருந்து வரும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்றும் கனெக்டரில், செம்பு வெளியே தெரியாமல். வயரைக் கொஞ்சம் தொளதொளவென்று விடுங்கள், விறைப்பாக இருந்தால் ஃபேன் ஆடும்போது இழுக்கும். குறுக்கே போட்ட இரும்புப் பைப்புக்கும் ஒரு எர்த் வயர் கொடுத்துவிடுங்கள். கூரைக்குள் ஓடும் வயர் பி.வி.சி. பைப்புக்குள் போக வேண்டும். ஓட்டு வீட்டில் அணிலும் எலியும் வயரைக் கடிப்பது ஒரு பொழுதுபோக்கு. மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், இல்லையென்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

மேல் கிண்ணம் சாய்வுக் கூரையில் ஒட்டி உட்காராது. ஒரு பக்க விளிம்பு மரத்தில் முட்டும், மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். அழகுக்காக அதை மேலே தள்ளி அமுக்காதீர்கள், ராடின் அசைவு தடைப்பட்டு சத்தம் போடும். ஒரு இன்ச் கீழே இறக்கி முடுக்குங்கள். அண்ணாந்து பார்த்து யாரும் மார்க் போடப் போவதில்லை.

கடைசியில் இறக்கைகள். எல்லாத் திருகாணியையும் பாதி முடுக்கி, பிறகு சுற்றி வந்து ஒவ்வொன்றையும் முழுதாக இறுக்குங்கள். இப்போது ஆட்டம் பார்க்க வேண்டும். தட்டையான வீட்டில் சீலிங்கிலிருந்து ஒவ்வொரு இறக்கைக்கும் டேப் பிடிப்பார்கள். இங்கே அது உதவாது, சீலிங்கே ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு உயரம். அதற்குப் பதில் ஒட்டடைக் கம்பை ஒரே இடத்தில் தரையில் ஊன்றி, அதன் நுனியை ஒரு இறக்கையின் நுனி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கம்பை அசைக்காமல் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். மூன்று இறக்கையும் அதே மட்டத்தில் கம்பைக் கடக்க வேண்டும். ஒன்று மட்டும் ஏறியோ இறங்கியோ போனால், அதன் திருகாணியைத் தளர்த்திச் சரிசெய்து இறுக்குங்கள். எங்களுக்கு அந்தப் பழைய வளைந்த இறக்கை அரை இன்ச் தள்ளிப் போனது. நிமிர்த்திப் பார்த்தேன், சரிப்படவில்லை. ஒரு இறக்கையை மட்டும் மாற்றினால் எடை ஒத்துவராது என்று மூன்றையும் செட்டாக வாங்கினேன்.

மெயினைப் போட்டு, ஒன்றில் பத்து நிமிடம், மூன்றில் பத்து நிமிடம், அப்புறம் ஐந்து. அதுவரை அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

லைட் போடுவதென்றால்

லைட்டுக்கு எடை இல்லை, அதனால் வேலை லேசு. ஆனால் இடம் பார்த்துப் போட வேண்டும். ட்யூப் லைட்டை ஃபேன் இறக்கைக்கு மேலே கைமரத்தில் அடித்துவிட்டால், இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டிக் கீழே போடும். அரை மணி நேரம் படித்தால் தலை சுற்றும். இறக்கை மட்டத்துக்குக் கீழே, சுவரில் போடுங்கள். ஓடும் மரமும் வெளிச்சத்தைக் குடித்துவிடும், வெள்ளையடித்த சுவர்தான் திருப்பித் தரும். தட்டையான எல்.இ.டி. பேனலைச் சரிவில் ஒட்டினால் அது நேரே கண்ணைப் பார்த்து எரியும். அதைவிடத் தொங்கும் லைட் நல்லது, வாளிக் கணக்குதான், தானே நேராக நிற்கும். ஹோல்டரின் எடையை வயரின் முனை தாங்கக் கூடாது. ஒரு கொக்கியில் சங்கிலியோ முடிச்சோ போட்டு அது தாங்கட்டும்.

புதுச்சேரியில் பழைய தமிழ் வீடுகளின் வாசலில் சாய்ந்து இறங்கும் தாழ்வாரத்துக்கு, மழைச் சாரல் தாங்கும் ஐ.பி.65 என்று போட்ட மூடிய லைட்டை வாங்கி, சரிவில் இல்லாமல் வீட்டுச் சுவரில், ஓட்டுக்கு ஒரு அடி கீழே மாட்டுங்கள். மழை விட்ட ராத்திரி ஈசல் மொய்க்கும்போது எட்டித் துடைக்கவும் அதுதான் வசதி.

ஐப்பசிக்கு முன்னால்

வருஷத்துக்கு ஒரு தடவை, வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன், மெயினை இறக்கிவிட்டு ஏணி போடுங்கள். மேல் கிண்ணத்தை இறக்கி ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள், பத்து நிமிட வேலை. ஸ்ப்ளிட் பின் துருப்பிடித்து இளைத்திருந்தால் மாற்றுங்கள். மரம் வெயிலில் சுருங்கும், மழையில் ஊறும், அதனால் கைமரத்துப் போல்ட்டின் நட்டு ஒரு சுற்று தளர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் முதல் வருஷம் அரைச் சுற்று இறுக்க வேண்டியிருந்தது, அடுத்த வருஷம் கால் சுற்று. ஓடு எங்காவது விலகி, மேலேயிருந்து வெளிச்சக் கீற்று ஃபேன் மேல் விழுகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். அந்தக் கீற்று விழும் இடத்தில்தான் மழையும் விழும்.